லினக்ஸில் திரை தானாகக் கறுத்துப்போகிறதா? எக்ஸ்எஃப்சிஇ-யில் நிறுத்தும் வழி

கீபோர்டு பழகும்போது ஸ்வரக் குறிப்புகளைப் பிடிஎஃபில் திறந்து எதிரே வைத்துக்கொள்வேன். இரண்டு கையும் கட்டைகளில் இருக்க, பாதிப் பாட்டில் திரை கறுத்துவிடும். படம் பார்க்கும்போது இந்தத் தொல்லை வராது. விஎல்சி, எம்பிவி இரண்டும் திரையை அணைக்க வேண்டாம் என்று டெஸ்க்டாப்பிடம் தாங்களே சொல்லிவிடும். பிடிஎஃப் படிக்க, சமையல் குறிப்பு பார்த்துச் செய்ய எல்லாம் நாம்தான் சொல்லியாக வேண்டும். லினக்ஸில் கிடைக்கும் டெஸ்க்டாப்புகளில் ஒன்றான எக்ஸ்எஃப்சிஇ-யில் அதற்கான வழி இது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். எக்ஸ்செட் என்பது எக்ஸ், எஸ், இ, டி என்ற நான்கு எழுத்து.

1. முதலில் நிலவரம் பாருங்கள்

எக்ஸ்செட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, க்யூ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். வருவதில் இரண்டு பகுதி மட்டும் போதும்: ஸ்க்ரீன் சேவர், டிபிஎம்எஸ் (மானிட்டரின் மின்சிக்கன வசதி). ஸ்க்ரீன் சேவரில் டைம்அவுட் 600 என்றிருந்தால் 600 விநாடி, அதாவது 10 நிமிடம்.

என்னை அதிகம் இழுத்தடித்தது இந்த இடம்தான். இவை இரண்டும் ஒன்றல்ல. ஸ்க்ரீன் சேவர் திரையில் கறுப்பை வரைகிறது. மானிட்டரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். டிபிஎம்எஸ் மானிட்டரையே தூங்க அனுப்புகிறது. ஒன்றை நிறுத்தினால் மற்றது தன் நேரம் வந்ததும் திரையை அணைத்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பாதிக் குறிப்புகள் ஒன்றை மட்டும் சொல்வதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை.

2. பவர் மேனேஜர்

செட்டிங்ஸ், பவர் மேனேஜர், டிஸ்ப்ளே. அங்குள்ள நேரங்களை எல்லாம் 'நெவர்' வரை இழுத்துவிடுங்கள். லேப்டாப்பில் பேட்டரிக்கு ஒரு வரிசை, சார்ஜருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக இருக்கும். இரண்டையும் மாற்றுங்கள்.

3. ஸ்க்ரீன்சேவர்

செட்டிங்ஸில் ஸ்க்ரீன்சேவர் என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் அணையுங்கள். லாக் ஸ்க்ரீன் வேறு விஷயம், அதை எடுக்காதீர்கள். எழுந்து போகும்போது கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் இது கட்டாயம்.

4. மிச்சம் இருந்தால் கட்டளை

மறுபடி எக்ஸ்செட் க்யூ. டைம்அவுட் 0, டிபிஎம்எஸ் டிஸேபிள்டு என்று வந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால்:

எக்ஸ்செட் எஸ் ஆஃப் -டிபிஎம்எஸ்

கழித்தல் குறிக்கும் டிபிஎம்எஸ்-க்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. இந்த மாற்றம் லாக்அவுட் செய்யும் வரைதான் நிற்கும். நிலையாக வேண்டுமானால் செட்டிங்ஸ், செஷன் அண்ட் ஸ்டார்ட்அப், அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட் பகுதியில் இதே வரியைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் இரண்டாம் படியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால் பயனில்லை. பவர் மேனேஜரும் லாகின் ஆனதும் எழுந்து தன் நேரங்களை மேலே எழுதிவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு மட்டும் போதும் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். பேனலில் பவர் ஐகானைத் தட்டி 'பிரசன்டேஷன் மோட்' போட்டால் போதும். நான் பெரும்பாலும் பயன்படுத்துவது இதைத்தான். மவுஸைத் தானாக அசைக்கும் ஸ்க்ரிப்டுகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அவை அறவே பிடிக்காது. தட்டச்சு செய்யும்போது கர்சர் நகர்ந்து எரிச்சலூட்டும்.

பின்சேர்க்கை

க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் எக்ஸ்செட் வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உங்களுடையது வேலண்ட் செஷனாக இருக்கும். எக்ஸ்செட் எக்ஸ்11-க்கான கருவி. திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய முறை எக்ஸ்11, புதிய முறை வேலண்ட். வேலண்டில் திரையை அணைப்பது டெஸ்க்டாப்பே. செட்டிங்ஸ், பவர், 'ஸ்க்ரீன் பிளாங்க்' போய் 'நெவர்' வையுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக் திறந்து, டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸில் ஸ்க்ரீன் பிளாங்கிங்கை அணைக்கலாம்.

ஓலெட் திரை உள்ளவர்கள் மட்டும் ஒரே பக்கத்தை நாள் முழுக்க நிறுத்தி வைக்காதீர்கள், அதன் தடம் திரையில் பதிந்துவிடும். வெளிச்சத்தைக் குறைத்து, 'நெவர்' என்பதற்குப் பதில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.