புதிய மென்பொருள்களுக்காக லினக்ஸ் வழங்கலை மாற்றும் முறை

லினக்ஸ் வழங்கல் என்பது வன்பொருளை இயக்கும் மையப்பகுதியான கெர்னலையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் இயங்குதளம்; டெபியன் அவற்றுள் ஒன்று. அதன் நிலையான பதிப்பு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. 13ஆம் பதிப்புக்கு 2025 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும். ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் வெளியீட்டு நாளன்று இருந்த பதிப்பிலேயே நிற்கும். நாள்தோறும் ஒரே வேலையைச் செய்யும் கணினிக்கு அதுவே நல்லது.

ஆகவே, தேவைப்படுவது ஓரிரு செயலிகளின் புதிய பதிப்பு மட்டுமென்றால் வழங்கலை மாற்ற வேண்டாம். ஃபிளாட்ஹப் என்னும் இணையச் செயலிக் கடையிலிருந்து, எந்த வழங்கலிலும் ஓடும் ஃபிளாட்பேக் வடிவில் அவற்றை நிறுவினால் போதும். புதிய வன்பொருளுக்காகக் கெர்னல் மட்டும் வேண்டுமென்றால் புதிய மென்பொருள்களை நிலையான பதிப்புக்கேற்பத் தொகுத்துத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் (மென்பொருள்களைப் பதிவிறக்கும் இடம்) இருக்கிறது. செய்யவே கூடாதது ஒன்றுண்டு: நிலையான பதிப்பில், அடுத்த வெளியீட்டுக்காக உருவாகிவரும் சோதனைப் பதிப்பின் களஞ்சியத்தைக் கலப்பது. சிங்கப்பூரின் தோ பாயோவில் என் அக்காள் மகளின் மடிக்கணினியில், காணொளித் தொகுப்புச் செயலி ஒன்றுக்காக நான் அப்படிச் செய்தேன். நீக்கப்படவுள்ள பொதிகளின் (மென்பொருள் தொகுப்புகளின்) நீண்ட பட்டியல் திரையில் ஓடியது. அதைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தேன். மறுமுறை கணினியைத் திறந்தபோது மேசைத்தளம் (சாளரங்களும் பட்டிகளும் கொண்ட வரைகலைத் திரை) இல்லை, கறுப்புத் திரையில் பயனர்பெயர் கேட்கும் ஒற்றை வரிதான் இருந்தது. மறுநாள் காலை பலதுறைத் தொழிற்கல்லூரியில் அவள் ஒப்படைப்பைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது.

கெர்னல், மேசைத்தளம், நிரலாக்கக் கருவிகள் யாவும் புதிதாக வேண்டுமென்போர் வேறு வழங்கலுக்கு மாறலாம். ஃபெடோரா ஏறத்தாழ 6 மாதங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு உண்டு. ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் ஆகிய வழங்கல்களில் பதிப்பு எண்ணே கிடையாது, தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போகலாம். முதன்முறை மாறுவோருக்கு நான் டம்பிள்வீட்டையே பரிந்துரைப்பேன். அதன் பொதிகள் தானியங்கிச் சோதனையைக் கடந்த பிறகே வெளிவருகின்றன. இயல்பான நிறுவலில், புதுப்பித்தல் பிழையாகிவிட்டால் தொடக்கப் பட்டியலிலிருந்தே முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

மாறுவதற்கு முன் உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் அடைவு முழுவதையும் வெளி வட்டில் நகலெடுங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளும் அதில் சேர வேண்டும்; உலாவியின் கடவுச்சொற்களும் எஸ்எஸ்எச் சாவிகளும் (தொலைவிலுள்ள கணினிகளில் நுழைய உதவும் கோப்புகள்) அங்கேதான் இருக்கின்றன. நீங்களாக நிறுவிய பொதிகளின் பட்டியலையும் ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு புதிய வழங்கலை யூஎஸ்பி விரலியிலிருந்து நேரடியாக இயக்கிப் பார்த்து, வைஃபை, ஒலி, திரையொளி மூன்றையும் சோதித்த பின்னரே வட்டில் கைவையுங்கள்.

நிறுவும்போது நேர வலயத்தைச் சிங்கப்பூர் எனக் குறியுங்கள். ஆர்ச்சைத் தேர்ந்தெடுப்போர் பதிவிறக்கக் கண்ணாடித் தளமாக (களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் வழங்கி) சிங்கப்பூரில் உள்ள ஒன்றையே அமைத்துக்கொள்வது நல்லது. ஃபெடோரா அருகிலுள்ளதைத் தானே தேடிக்கொள்ளும். காணொளி ஓடாவிட்டால் பதற வேண்டாம்; காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா சில கோடெக்குகளை (காணொளி, ஒலிக் கோப்புகளை இயக்க உதவும் மென்பொருள்கள்) சேர்ப்பதில்லை, ஆர்பிஎம் ஃபியூஷன் என்னும் தனிக் களஞ்சியத்தில் அவை கிடைக்கும். தமிழில் எழுத, ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளுடன் தமிழ் விசைப்பலகைகளைத் தரும் எம்17என் பொதியையும் நிறுவி, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்து, ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள். அது சரியாக வந்த பிறகு காப்புநகலிலிருந்து கோப்புகளைத் திருப்பிக் கொண்டுவரலாம்.