குண்டுகரிச்சான் பாட்டைப் பதிவு செய்ய இடம் பிடிப்பது எப்படி?

பங்குனி பிறந்தாலே குண்டுகரிச்சான் என்ற பாட்டுக்காரப் பறவைக்குத் தொண்டை திறந்துவிடும். மரத்து உச்சியோ மொட்டை மாடி ஆன்டெனாவோ கிடைத்தால் போதும், கிழக்கு வெளுக்கும் முன்பே ஏறி உட்கார்ந்து சீட்டியடிக்கத் தொடங்கும். அதைப் பதிவு செய்ய விலை உயர்ந்த மைக் வேண்டியதில்லை, போன் போதும். ஆனால் இடம் சரியாக அமைய வேண்டும்.

முதல் வேலை, பறவையைத் தேடாதீர்கள், இரைச்சல் இல்லாத இடத்தைத் தேடுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்ட் (eBird) தளத்தின் வரைபடத்தில் பறவைகள் அதிகம் பதிவான இடம் புறவழிச்சாலையை ஒட்டிய ஏரியாக இருக்கலாம். பார்ப்பதற்கு அருமை, பதிவுக்கு ஆகாது.

அப்புறம், முந்தின நாளே அதே விடிகாலை நேரத்தில் போய் ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து ஹெட்போனில் கேளுங்கள். தூரத்துப் பம்புசெட், லாரி ஹாரன் எல்லாவற்றையும் நம் காது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், மைக் விடாது. பங்குனி, சித்திரை இரண்டும் கோயில் திருவிழாக் காலம் வேறு. காப்புக் கட்டிய ஊர்ப்பக்கம் திருவிழா முடியும்வரை போகாமல் இருப்பதே நல்லது, ஐந்து மணிக்கே குழாய் ஸ்பீக்கர் அலறும்.

சாலைச் சத்தத்துக்கு ஏரிக்கரை நல்ல தடுப்பு. கரைமேல் நிற்காமல், சாலை இல்லாத பக்கத்துச் சரிவில் இறங்கி நில்லுங்கள். தோப்பென்றால் மாந்தோப்பு, தென்னந்தோப்பில் லேசான காற்றுக்கே ஓலை சலசலத்துப் பாட்டைக் கெடுக்கும். தனியார் தோப்பில் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

இடம் பிடித்தாயிற்றா? ஆண் பறவை திரும்பத் திரும்ப ஒரே கிளைக்கு வந்து பாடும், அதைக் கண்டுபிடித்து, அது வருவதற்கு முன்பே போய் அசையாமல் உட்காருங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும், அதனால் நாலடி நெருங்குவதுகூட வீண்போகாது. அதற்காகப் போனில் அதன் பாட்டையே போட்டு வரவழைக்காதீர்கள்; கூடு கட்டும் காலம், எதிரி வந்துவிட்டான் என்று அலைக்கழியும்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, சாம்ப்ளிங் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பதியுங்கள். மைக் பறவையைப் பார்க்கட்டும். பாட்டு முடிந்ததும் ஊர், தேதி, நேரம் மூன்றையும் அந்தப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு பறவை ஒலிகளைச் சேகரிக்கும் சீனோ-கான்டோ (xeno-canto) தளத்தில் ஏற்றும்போது கேட்பார்கள்.