தங்கமீனுக்கு எத்தனை அடித் தொட்டி? யாழ்ப்பாண வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒருநாள் பொலித்தீன் பையில் இரண்டு தங்கமீன்களோடு வீட்டுக்கு வந்தேன். உருண்டைக் கண்ணாடிச் சாடி ஒன்று அலுமாரியில் சும்மா கிடந்தது. கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, மீன்களை அதற்குள் விட்டேன். நாலாம் நாள் காலை இரண்டும் வயிறு மேலே தெரிய மிதந்தன. "கிணத்துத் தண்ணி ஒத்து வரேல்லை" என்றார் அம்மம்மா. அவர் சொன்னதில் பாதி சரி என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

மீன் செவுள் வழியாக அமோனியாவைக் கழிக்கிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவமாக இருக்கும். ஒன்றால் பெரிய தீங்கில்லை, மற்றது செவுளைச் சுடும் நஞ்சு. தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் ஏற ஏற நஞ்சின் பங்கும் ஏறும். காரத்தன்மையைக் காட்டும் அளவான பீஎச் 7, வெப்பம் 20 பாகை என்றால் அந்தப் பங்கு நூற்றுக்கு அரைகூட வராது. பீஎச் 8, வெப்பம் 30 பாகை என்றால் நூற்றுக்கு ஏழு. நமது குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையே அதற்குச் சாட்சி. இப்படிச் சுண்ணாம்பு கரைந்து காரமேறிய வன்நீரைத் தங்கமீன் நன்றாகவே தாங்கும். தாங்க முடியாதது, வன்நீரும் சித்திரை வெயிலும் ஐந்து லீற்றர் சாடியும் ஒன்றுசேர்வதைத்தான். குளிர்நாட்டில் இருப்பவர் வீடியோவில் சொல்லும் ஆகக்குறைந்த அளவை இங்கே போதுமென்று எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடையில் மீன் இரண்டு அங்குலந்தான் இருக்கும். அதைப் பார்த்துத் தொட்டி வாங்குவது அடுத்த தவறு. உருண்டை உடம்புள்ள ஒறண்டா, பிளக் மூர் போன்றவை ஆறேழு அங்குலம் வரை வளரும். நீள உடம்புள்ள சாதாரண தங்கமீனும் கொமற்றும் ஒரு அடியைத் தொடக்கூடியவை. நன்றாகப் பார்த்தால் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். "தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று விற்பவரே சொல்வதுண்டு. வளராமல் நிற்பது உண்மைதான். ஆனால் அது அழுக்குத் தண்ணீரில் நலிந்து நிற்பது, மீன் தன்னை ஒழுங்கு செய்துகொள்வதல்ல.

அப்போ என்ன அளவு? கண்ணாடிக் கடைக்காரர் அடிக் கணக்கில்தான் கேட்பார். ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் வெறும் 56 லீற்றர். அதிலும் கல்லுப் பரப்பி, மேலே இரண்டு அங்குலம் விட்டால் மிஞ்சுவது 45 லீற்றர் அளவே. ஒரு குட்டிக்குச் சில மாதம் போதும், அதற்குமேல் போதாது. இரண்டு உருண்டை மீன்களுக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று சொல்லிச் செய்வியுங்கள். ஏறத்தாழ 190 லீற்றர் கொள்ளும். கொமற் வகைக்கு அதுவும் சிறிது.

உயரமான, ஒடுங்கிய தொட்டி வரவேற்பறைக்கு வடிவுதான். ஆனால் ஒட்சிசன் தண்ணீருக்குள் இறங்குவது மேற்பரப்பு வழியாக. சூடான தண்ணீரில் ஒட்சிசன் கரைவதே குறைவு. கரண்ட் போய் மோட்டர் நின்றால் அகலமான தொட்டி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஒடுங்கிய தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

பாரத்தையும் மறக்க வேண்டாம். 190 லீற்றர் தண்ணீர் 190 கிலோ, கண்ணாடி வேறு. பலகை சோகேசின் மேல் வைத்துவிட்டு இரவில் நிம்மதியாக நித்திரை கொள்ள முடியாது. இரும்பு ஸ்ராண்ட் அடித்து, வெயில் விழாத சுவரோரம் வையுங்கள்.

பெரிய தொட்டி வாங்கியவர்களும் சறுக்கும் இடங்கள் உண்டு. இடம் இருக்கிறதே என்று ஒரே நாளில் ஆறு மீன் விடுவார்கள். அமோனியாவைத் தின்னும் பற்றீரியா பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஒன்றிரண்டோடு தொடங்கி, இடைக்கிடை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். பாசி தின்னட்டும் என்று "டாங் கிளீனர்" என்று விற்கும் மீன் ஒன்றைச் சேர்ப்பது இன்னொன்று. அது ஓரடியைத் தாண்டி வளர்ந்து, தங்கமீனைவிட அதிக இடம் கேட்கும். பிறகு கொண்டுபோய்க் குளத்தில் விடுவார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற மீனுக்குத்தான் கேடு.

கண்ணாடித் தொட்டிக்கு வசதி இல்லையா? கிணற்றடியில் பாவிக்காத சீமெந்துத் தொட்டி இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 680 லீற்றர்! புதுச் சீமெந்து என்றால் சில வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பி ஊற்றிவிட்டு மீனை விடுங்கள், இல்லாவிட்டால் காரம் கொன்றுவிடும். பாதியைக் கிடுகால் மூடினால் நிழல், மீதிக்கு வலை போட்டால் கொக்கும் மீன்கொத்தியும் எடுக்காது. மாரியில் நுளம்புக் குடம்பிகளை மீன்களே தின்றுவிடும். உடுப்புத் தோய்க்கிற கல்லு பக்கத்தில் இருந்தால் மட்டும் அதை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், சவர்க்காரத் தண்ணீர் தெறித்தால் மீன் தாங்காது.