கார்ன்ஃபிளவர்: எரு போடாமல் வளர்க்க வேண்டிய நீலப்பூ

பிரிட்டனின் கோதுமை வயல்களில் ஒருகாலத்தில் களையாக மண்டிக்கிடந்த செடி. களைக்கொல்லி வந்தபின் வயலில் அரிதாகிவிட்டது. இப்போது தேனீக்களுக்காகத் தோட்டத்தில் விதைக்கிறார்கள். ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்ந்துவிடும். இரண்டரை அடி வளரும்.

விதை வாங்கும்போது அடுக்குப்பூ ரகங்களைத் தவிருங்கள். ஒரு பூ என்பது பல சிறுபூக்களின் கொத்து. அதில் ஓரத்தைச் சுற்றியுள்ள நீலச் சிறுபூக்கள் மலடு. தேனும் மகரந்தமும் நடுவிலுள்ள சிறுபூக்களில்தான். அடுக்கு ரகங்களில் அவை குறைவு.

1. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத இடம்.

2. மண். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். புல்தரைமேல் விதையைத் தூவினால் ஒன்றும் தேறாது. உழுத மண்ணுக்குப் பழகிய செடி, புல்லோடு மல்லுக்கட்டாது. புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, 10 செ.மீ. ஆழம் கொத்தி, கட்டி உடைத்துச் சமன் செய்யுங்கள். உடனே விதைக்க வேண்டாம். மூன்று வாரம் விட்டால் களைகள் முளைக்கும். காய்ந்த நாளாகப் பார்த்து மேலாகச் சுரண்டுங்கள். ஆழக் கொத்தினால் அடியில் கிடக்கும் களைவிதையெல்லாம் மேலே வரும். இதற்கு நின்றபடியே தள்ளிச் சுரண்டும் டச்சு ஹோ என்ற நீளப்பிடிக் களைக்கருவிக்கு ஈடு கிடையாது. எரு, கம்போஸ்ட் எதுவும் கூடாது: கொழுத்த மண்ணில் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து, காற்றோடு ஒரு மழை பெய்தால் படுத்துவிடும்.

3. மார்ச் முதல் மே வரை விதைக்கலாம். செப்டம்பரில் விதைத்தால் செடி பெரிதாகும், பூவும் முந்தும். ஆனால் ஈரம் நிற்கும் களிமண்ணில் குளிர்காலத்தில் அழுகும். அங்கே மார்ச்தான் சரி. சதுர மீட்டருக்கு 2 கிராம் விதை, ஒரு கை உலர்மணலோடு கலந்து தூவி, ஒரு செ.மீ. மண் மூடி, மிதித்து அழுத்துங்கள். இரண்டு வாரத்துக்குள் முளைக்கும்.

4. விதையிலைக்குப் பின் வருவது ஒடுங்கிய, சாம்பல்பச்சை இலை, மேலே வெண்பஞ்சு. களையென்று பிடுங்கிவிடாதீர்கள். நெருக்கமாக உள்ள நாற்றுகளை மட்டும் எடுத்து, 15 செ.மீ. இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். நத்தைகளை இரவில் டார்ச்சோடு பொறுக்குவதே நல்லது.

5. வாடிய பூவைக் கிள்ளினால் ஆகஸ்ட் வரை பூக்கும். ஜூலைக் கடைசியில் கிள்ளுவதை நிறுத்துங்கள். கோல்ட்ஃபிஞ்ச் குருவிகளுக்கு விதை வேண்டும். காய்ந்த செடியை அங்கேயே உதறி, மண்ணைக் கிளறுங்கள். கிளறாவிட்டால் அடுத்த ஆண்டு புல்தான்.

பின்சேர்க்கை: மொட்டில் எறும்பு ஏறினால் மருந்து அடிக்காதீர்கள். மொட்டுச் செதில்களிலும் தேன் சுரக்கும். பூ விரியுமுன்பே எறும்பும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அதைத் தேடி வரும். அந்தக் குளவிகள் முட்டைக்கோஸ் புழுக்களுக்கு எமன்.