நிலநடுக்கக் கணிப்பு எழுதப் போகிறீர்களா? முதலில் கட்டத்தைப் போடுங்கள்

2023 பிப்ரவரி 3 அன்று நெதர்லாந்துக்காரர் ஒருவர் ட்விட்டரில், தென்மத்தியத் துருக்கி, ஜோர்டான், சிரியா, லெபனான் பகுதியில் என்றைக்காவது 7.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வரும் என்று எழுதினார். மூன்றே நாளில் துருக்கியில் 7.8 வந்தது, ஆள் உலகப் புகழ் ஆகிவிட்டார், நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றாத இடமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நிதானமாகப் படியுங்கள். நான்கு நாடு, காலக்கெடு கிடையாது. பெரிய பிளவுக்கோடுகள் ஓடும் இடத்தில் 'என்றைக்காவது வரும்' என்பது தோற்கவே முடியாத பேச்சு.

உங்களிடம் ஒரு யோசனை இருக்கலாம், நிலத்திலிருந்து கசியும் ராடான் வாயுவோ, நிலவின் ஈர்ப்போ, சிறு அதிர்வுகளின் போக்கோ, எதுவாகவும் இருக்கட்டும். அதைச் சோதிக்கக்கூடிய கணிப்பாக எழுதுவது எப்படி என்பதுதான் இங்கே.

கட்டம் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். எந்த அட்சரேகையிலிருந்து எது வரை, எந்த தீர்க்கரேகையிலிருந்து எது வரை, எவ்வளவு ஆழம் வரை, எந்தத் தேதி எந்த மணியிலிருந்து எது வரை (உலக நேரத்தில் எழுதுங்கள், இந்திய நேரம் போட்டால் பின்னால் குழப்பம்), குறைந்தது எந்த மேக்னிட்யூட் (நிலநடுக்கத்தின் அளவு), நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு. அப்புறம் பலரும் விட்டுவிடும் ஒன்று: தீர்ப்பு சொல்லப்போவது யாருடைய பட்டியல்? 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்துக்கு அந்த நாட்டு வானிலை மையம் முதலில் கொடுத்த அளவு 7.9, பிறகு 8.4, 8.8 என்று ஏறி 9.0-இல் நின்றது. உங்கள் எல்லை 6.0 என்று இருந்து, ஒரு மையம் 5.9 என்றும் இன்னொன்று 6.1 என்றும் சொன்னால் ஜெயித்தீர்களா தோற்றீர்களா? முன்பே எழுதிவைத்தால் இந்தச் சண்டையே வராது. யுஎஸ்ஜிஎஸ் எனப்படும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பட்டியலை, நிகழ்வு நடந்து 30 நாள் கழித்து உள்ளபடி எடுப்பேன் என்று எழுதினால் போதும்.

அடுத்தது அடிப்படை வாய்ப்பு. கணிப்பே இல்லாமல் சும்மா இருந்தாலும் அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? இதைக் கணக்குப் போட்டால் பாதி 'கணிப்பாளர்கள்' காணாமல் போய்விடுவார்கள். உலகம் முழுக்க 7-க்கு மேற்பட்ட நிலநடுக்கம் வருடத்துக்குச் சராசரியாக 15 வருகிறது. 30 நாளுக்கு 1.23. 2.718-ஐ மைனஸ் 1.23 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் ஒன்றுகூட வராமலிருக்கும் வாய்ப்பு, அதை 1-லிருந்து கழித்தால் 0.71. அதாவது 'வரும் 30 நாளில் உலகில் எங்காவது ஒரு 7 வரும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 71 சதவீதம் பலிக்கும். அத்தோடு பௌர்ணமியையும் கோள்களின் வரிசையையும் சேர்த்துச் சொன்னால் பெரிய ஞானி மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

உங்கள் கட்டத்துக்கு இந்தக் கணக்கைப் போட, யுஎஸ்ஜிஎஸ் தளத்தின் தேடல் பக்கத்தில் கட்டத்தையும் வருடங்களையும் கொடுத்துப் பட்டியலை எக்ஸெல்லில் திறக்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். பழகுவதற்குத் தமிழ்நாட்டை எடுக்காதீர்கள், 4.5-க்கு மேல் எண்ணுவதற்கு ஒன்றும் தேறாது. அந்தமான் நிக்கோபார், இந்தோனேசியா, ஜப்பான் நல்ல களங்கள். அந்தமானை எடுத்தால் 2004 டிசம்பர் 26-இன் 9.1-க்குப் பிறகு பின்னதிர்வுகள் குவிந்து கிடக்கும், அந்த வருடங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கணக்கு வீங்கிவிடும். ஆழம் என்ற பத்தியில் 10, 33 என்று திரும்பத் திரும்ப வந்தால் அசந்துவிடாதீர்கள், ஆழம் சரியாகக் கிடைக்காதபோது போட்டுவைக்கும் எண்கள் அவை.

பட்டியலில் சிறிய அதிர்வுகள் முழுமையாக இருக்காது. 0.1 இடைவெளியில் மேக்னிட்யூட் வாரியாக எண்ணிக்கையை வரையுங்கள், எங்கே உச்சம் வருகிறதோ அதோடு 0.2 கூட்டி, அதற்குக் கீழே உள்ளதை எல்லாம் தூக்கிவிடுங்கள். மீதியில் குட்டன்பர்க்-ரிக்டர் விதி பளிச்சென்று தெரியும்: ஒரு மேக்னிட்யூட் ஏறினால் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும். அந்தச் சரிவைத்தான் 'பி' மதிப்பு என்கிறார்கள். கணக்கு சுலபம்: மீதியின் சராசரி மேக்னிட்யூடிலிருந்து எல்லை மேக்னிட்யூடை (எதற்குக் கீழே தூக்கினீர்களோ அந்த அளவு) கழித்து, 0.05 கூட்டி, வரும் எண்ணால் 0.434-ஐ வகுக்கவும். எல்லை 4.5, சராசரி 4.9 என்றால் 0.434-ஐ 0.45-ஆல் வகுக்க 0.96. இது 1-க்குப் பக்கத்தில் இல்லையென்றால் இயற்கையைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் பட்டியலைச் சந்தேகப்படுங்கள். 6-க்கு மேல் அபூர்வமாகவே வரும் இடத்திலும் இந்தச் சரிவை நீட்டி ஒரு வீதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அடிப்படை வாய்ப்பைத் தாண்டி உண்மையாகவே கணிக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது, பின்னதிர்வுகள். 1891-இல் ஜப்பானின் நோபியில் வந்த பெரிய நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளை வைத்து 1894-இல் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் ஒமோரி கண்டுபிடித்தது இன்றைக்கும் நிற்கிறது: பின்னதிர்வுகளின் வீதம் ஏறக்குறைய காலத்துக்கு நேர்மாறாகக் குறையும். முதல் நாளோடு ஒப்பிட்டால் பத்தாம் நாளில் பத்தில் ஒன்று. இதில் ஒரு வேடிக்கை, 1-இலிருந்து 10-ஆம் நாள் வரை எத்தனை வருமோ கிட்டத்தட்ட அத்தனை 10-இலிருந்து 100-ஆம் நாள் வரையிலும் வரும். மக்கள் 'எல்லாம் முடிந்தது' என்று நினைக்கும்போது பாதிதான் முடிந்திருக்கும். ஒமோரியையும் பி மதிப்பையும் சேர்த்து ரீசன்பர்க், ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1989-இல் பின்னதிர்வு வாய்ப்பைக் கணக்கிடும் வழிமுறை ஒன்றைக் கொடுத்தார்கள், ஒகாட்டா அதற்கு முந்தைய வருடம் ஈடிஏஎஸ் மாதிரியை (ஒவ்வொரு அதிர்வும் தன் பங்குக்குப் பின்னதிர்வுகளைக் கிளப்பும் என்று வைத்துப் போடும் கணக்கு) கொடுத்தார். உங்கள் புதிய யோசனை மோத வேண்டியது இவற்றோடுதான். பெரிய அதிர்வுக்கு மறுநாள் 'இன்னும் வரும்' என்று சொல்லிப் பெயர் வாங்குவதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

எழுதியதைப் பூட்டுவது சின்ன வேலை. தேதி பதியும் இடத்தில், பிறகு திருத்த முடியாதபடி, ஆரம்பிக்கும் முன் போட்டுவிடுங்கள். பலித்தது பலிக்காதது எல்லாம் அங்கேயே கிடக்கட்டும்.

மதிப்பெண் போடும்போது சதவீதம் கொடுத்ததன் பலன் தெரியும். நடந்தால் நீங்கள் சொன்ன வாய்ப்பின் இயல் மடக்கை, நடக்காவிட்டால் 1-லிருந்து அதைக் கழித்ததன் மடக்கை. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மேலே பார்த்த 71 சதவீதத்தை வெல்ல நினைத்து 90 என்று எழுதுகிறீர்கள் என்று வைப்போம். நடந்தால் உங்களுக்கு மைனஸ் 0.11, அடிப்படைக்கு மைனஸ் 0.34, லாபம் 0.23-தான். நடக்கவில்லை என்றால் உங்களுக்கு மைனஸ் 2.30, அடிப்படைக்கு மைனஸ் 1.24, ஒரே அடியில் 1.06 போச்சு. அளவுக்கு மீறிய நம்பிக்கைக்கு இப்படித்தான் அபராதம் விழும். வாய்ப்பு சொல்லாமல் வெறும் எச்சரிக்கை மட்டும் கொடுக்கிறவர்களுக்கு வேறு கணக்கு உண்டு: தவறவிட்டவை எத்தனை, மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு எச்சரிக்கை போட்டுவைத்திருந்தீர்கள், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வருடம் 365 நாளும் எச்சரிக்கை போட்டால் ஒன்றையும் தவறவிட மாட்டீர்கள்.

கட்டத்தைச் சரியாகப் போட்டுத் தோற்றவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சுமார் 22 வருடத்துக்கு ஒருமுறை 6 அளவில் வந்ததை வைத்து, அடுத்தது 1988 வாக்கில், 1993-க்குள் 95 சதவீதம் என்று எழுதிவைத்து, அந்த இடம் முழுக்கக் கருவிகளையும் பதித்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல், தெளிவான முன்னறிகுறி எதுவும் இல்லாமல். தோல்விதான், ஆனால் காலமும் இடமும் எழுதியிருந்ததால்தான் தோல்வி என்றே சொல்ல முடிகிறது. இத்தாலியில் 2009-இல் ராடானை அளந்த ஒரு டெக்னீஷியனின் எச்சரிக்கை சுல்மோனா ஊரைப் பதற வைத்தது, அங்கே ஒன்றும் நடக்கவில்லை. சில நாளில், ஏப்ரல் 6 அன்று, 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த லாக்விலா இடிந்து 300-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அவர் சொன்னது பலித்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. சுல்மோனாக்காரர்கள் பயந்து லாக்விலாவுக்குப் போயிருந்தால்?

அதனால் சோதனையில் இருக்கும் கணிப்பை ஊர்க் குழுக்களில் போடாதீர்கள், ஆய்வு செய்கிறவர்களிடம் மட்டும் காட்டுங்கள். கணக்கு கைக்கு வந்ததும் பைத்தான் நிரல்மொழியில் பைசிஎஸ்இபி என்ற இலவசத் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம், கணிப்புகளைச் சோதிக்கவென்றே இருக்கும் சிஎஸ்இபி என்ற சர்வதேசக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியது அது. பின்னதிர்வுகளிலிருந்து தொடங்குவதானால், அமெரிக்காவில் 5-க்கு மேல் ஒன்று வந்ததும் யுஎஸ்ஜிஎஸ் தன் பின்னதிர்வுக் கணிப்பைச் சதவீதத்தோடு வெளியிடும். அதைத் திறக்கும் முன் உங்கள் எண்களை எழுதிவைத்துவிடுங்கள்.