நீச்சல் குளத்தில் மிதக்கும் விளக்குகள்: டீ லைட்டும் வாழைமட்டையும் போதும்

திருக்கடையூரில் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் கோயில், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் நெருங்கிய சொந்தங்கள் மட்டும் மயிலாடுதுறை பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு தோப்பு வீட்டில். அங்கே இருபதுக்குப் பத்து அடியில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. "அதுல விளக்கு மிதக்க விடலாமே" என்று யாரோ சொல்ல, வேலை என் தலையில் விழுந்தது.

கடையில் மிதக்கும் மெழுகுவர்த்தி முப்பது வாங்கி, ஏற்றி, விட்டேன். பத்தே நிமிடத்தில் அத்தனையும் ஒரே மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. குளத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. தண்ணீரை உறிஞ்சும் வாய்ப்பக்கம் எல்லாம் வரிசை கட்டி நிற்க, வாய் மூடியின் பிளாஸ்டிக் ஓரம் இளகிவிட்டது. படியில் உட்கார்ந்திருந்த அத்தை, "ஆத்துல விட்டா விளக்கு போய்க்கிட்டே இருக்கும்டா. இங்க எங்க போகும்? மூலைக்குத்தான் போகும்" என்றார். அன்றைக்குக் கற்றதும், அதற்குப் பிறகு இரண்டு விசேஷங்களில் செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பது.

முதலில் நாள்

ஆடி, ஆவணியில் திறந்த வெளியில் இதை யோசிக்கவே வேண்டாம். அம்மியை நகர்த்தும் காற்றுக்கு மெழுகுவர்த்தி எம்மாத்திரம்? ஐப்பசி, கார்த்திகையில் மழை. டெல்டாவில் தை பாதியிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் என்றால் சாயங்காலக் கடற்காற்று அடங்கும்வரை பொறுத்து ஏற்றுங்கள்.

லேசான காற்று இருந்தால், அது வரும் பக்கம் பச்சைத் தென்னங்கீற்றில் தட்டி பின்னி நிறுத்தலாம். காய்ந்த கீற்று கூடாது. பச்சையாக இருந்தாலும் விளக்கிலிருந்து பத்தடி தள்ளியே நிற்கட்டும்.

எந்த மெழுகுவர்த்தி

மெழுகு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு. அதனால் மிதக்கும் மெழுகுவர்த்தியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள்தான் இருக்கும். மேலே தெரிவது ஒரு நூல் உயரம். யாராவது கரையில் உட்கார்ந்து காலை ஆட்டினால் போதும், அந்தச் சின்ன அலை திரியை நனைத்துவிடும். நனைந்த திரி அன்றைக்கு மறுபடி எரிய அடம்பிடிக்கும்.

ஆகவே, தனி மெழுகுவர்த்தியைவிட, சின்ன அலுமினியக் கிண்ணத்தில் மெழுகும் திரியுமாக வரும் சாதாரண டீ லைட்டை ஒரு சின்னத் தெப்பத்தில் உட்கார வைப்பதுதான் புதிதாகச் செய்பவர்களுக்கு நல்லது என்பேன். விலையும் குறைவு. பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம் எரியும். விருந்துக்கு அது தாராளம்.

அகல் விளக்கு அழகுதான், ஆனால் குளத்தில் வேண்டாம். ஒன்று கவிழ்ந்தால் எண்ணெய் தண்ணீர் மேல் படலமாகப் பரவி, ஓடு ஓரமெல்லாம் பிசுக்கு ஒட்டும். தெர்மோகோலும் வேண்டாம். தீப்பிடிக்கும், உதிரும், உதிர்ந்தது வடிகட்டியில் போய் அடையும்.

மட்டைத் தெப்பம்

திருவாரூர் கோயில் குளமான கமலாலயத்தில் தெப்பம் கட்டுவதைப் பார்த்திருந்தால் சூட்சுமம் புரியும். காற்று அடைத்த பீப்பாய்களை வரிசையாகச் சேர்த்து மேலே தளம் போடுவார்கள். வாழைமட்டைக்குள்ளும் அப்படித்தான், சின்னச் சின்ன அறைகளில் காற்று. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் விளக்கு விட நம் வீட்டுப் பெண்கள் மட்டையைத் தேடியது காரணமில்லாமல் இல்லை.

குலை வெட்டிய மரம் தோப்பில் கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வெளிப்பக்கம் காய்ந்த சருகை உரித்துப் போட்டுவிட்டு, அடுத்த மூன்று நான்கு மட்டைகளை எடுங்கள். அரையடித் துண்டுகளாக நறுக்குங்கள். பழைய உடுப்பில் வேலை செய்யுங்கள். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, என் ஒரு வேட்டி இதற்கே பலி. நறுக்கிய துண்டுகளை வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுக் கறையை இறக்கி, துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கறை குளத்துக்குள் இறங்கும்.

இரண்டு துண்டுகளைக் குழிவு மேலே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு தென்னை ஈர்க்கைக் குறுக்கே குத்திச் செலுத்தினால் தெப்பம் தயார். நடுவில் டீ லைட். அது நகராமல் இருக்க இருபுறமும் சின்ன ஈர்க்குத் துண்டு ஒவ்வொன்று. ஓரங்களில் செவ்வந்தியோ துலுக்கச் சாமந்தியோ காம்போடு குத்தலாம். சுடருக்கும் பூவுக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருக்கட்டும். பூவை உதிர்த்துத் தண்ணீரில் தூவாதீர்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும், மறுநாள் வடிகட்டியைத் திறக்கும்போது தெரியும்.

நங்கூரம்

இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். மோட்டாரை நிறுத்தினாலும் காற்று தள்ளும். மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பை வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. ஒரு முனையைத் தெப்பத்தின் ஈர்க்கில் கட்டுங்கள். மறுமுனையில் ஒரு கூழாங்கல். கல்லில் நரம்பு வழுக்கும். அதனால் பூண்டு வருகிற வலைப்பையை வெட்டி, கல்லை அதற்குள் போட்டு முடிச்சிடுங்கள். இரும்பு நட்டு கட்டினால் எடுக்க மறந்த இடத்தில் துருக்கறை விழலாம்.

நரம்பின் நீளம் அந்த இடத்து ஆழத்தைவிட அரையடி கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் கல் அந்தரத்தில் தொங்கித் தெப்பத்தைச் சாய்க்கும். மிக நீண்டால் பக்கத்துத் தெப்பத்தோடு சிக்கும். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் ஐந்தடி ஆழமுள்ள குளம் என்றால் இரண்டு அளவில் வெட்டித் தனித்தனியாக வையுங்கள்.

இருபதுக்குப் பத்து குளத்துக்கு முப்பது விளக்கு போதும். நாற்பது வைத்தேன் ஒருமுறை, கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது. மூன்று, நான்காகக் கூட்டிக் கூட்டி வைத்து நடுவில் இருட்டை விடுங்கள். ஒவ்வொரு சுடரையும் தண்ணீர் இன்னொன்றாகக் காட்டும். குளத்துக்குள் இருக்கும் மின்விளக்கைக் கட்டாயம் அணைக்க வேண்டும்; அது எரிந்தால் தண்ணீர் பளீரென்று ஆகி, சுடரின் பிம்பமும் தெரியாது, சுடரும் சோகையாகிவிடும்.

ஏற்றும் நேரம்

அன்று காலையில் குளோரின் போடாதீர்கள், முந்தின நாளே முடித்துவிடுங்கள். குளோரின் டப்பா நெருப்புப் பக்கம் வரவே கூடாது. ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் கண்ணாடியாக அடங்கும்.

மாசியில் ஆறேகாலுக்குமேல் பொழுது சாயும். நீந்தத் தெரிந்த ஒருவர் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி, விளக்கு ஏற்றாத தெப்பங்களை இடம் பார்த்து நிறுத்திவிட்டு ஏறட்டும். அலை அடங்கியதும், கரையோரத் தெப்பங்களை நீண்ட கேஸ் லைட்டரால் ஏற்றுங்கள். நடுவில் இருப்பதற்கு என் வழி: மூங்கில் கழி நுனியில் மெழுகுத்திரி ஒன்றைக் கட்டி, கரையில் மண்டியிட்டபடியே நீட்டி ஏற்றுவது. ஏற்றுபவர் பாலியஸ்டர் துப்பட்டா, தொங்கும் தாவணி எல்லாம் இல்லாமல் வரவேண்டும்.

விளக்கு எரியும்வரை குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரைத் தனியாக நியமியுங்கள். "எல்லாரும் பாத்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள் என்றால் தண்ணீர் பட்டதும் எரியும் பேட்டரி விளக்கு வாங்கலாம். ஆனால் அதிலுள்ள பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மறுநாள்

ராத்திரியே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். நீண்ட கழியில் ஈரத்துணியைச் சுற்றி ஒற்றினால் அணையும். காலையில் நரம்பைப் பிடித்து இழுத்தால் தெப்பமும் கல்லும் சேர்ந்து வரும். கல்லை எண்ணுங்கள், விட்டது முப்பது என்றால் வந்ததும் முப்பதாக இருக்கணும். சிந்திய மெழுகு கெட்டியாக மிதக்கும், வலையால் அரிக்கலாம். ஓட்டில் ஒட்டியிருந்தால் ஐஸ்கட்டியை வைத்து இறுக விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள்.

மட்டையெல்லாம் வாழைக்கே உரம். நரம்பைச் சுருட்டி வையுங்கள், தோட்டத்தில் போட்டால் கோழிக் காலில் சிக்கும். தண்ணீரில் ஒரு துண்டு மெழுகுகூட இல்லை என்று பார்த்த பிறகு மோட்டாரைப் போடுங்கள்.