ஸ்பேசர் போட்ட சக்கரத்தில் நட்டு தளர்கிறதா? மறுபடி முறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ரிம்மை வெளியே தள்ளி நிறுத்த, சக்கரம் பூட்டப்படும் ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தட்டுதான் ஸ்பேசர். அதைப் பூட்டிய புதிதில் நட்டு கொஞ்சம் இளகுவது நடக்கக்கூடியதே. ஒருமுறை முறுக்கிக்கொள்ளலாம். அதே நட்டு இரண்டாவது முறையும் இளகினால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். உள்ளே ஏதோ ஒன்று ரிம்மைப் படிய விடாமல் தடுக்கிறது.

நட்டை முறுக்கும்போது ஸ்டட், அதாவது ஹப்பிலிருந்து நீண்டு நிற்கும் மரையுள்ள தண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபட்டு நீள்கிறது. அது மறுபடி சுருங்கப் பார்க்கும் விசைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. இடையில் துரு, பெயின்ட், மண் எது இருந்தாலும் சில கிலோமீட்டர் ஓடியதும் நசுங்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நசுங்கினாலே ஸ்டட்டின் இழுவிசை பெருமளவு போய்விடும். பிறகு ரிம் லேசாக வழுக்கும், நட்டு தானாகச் சுழலும், ஸ்டட் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். ஸ்பேசர் போட்டால் ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே இருந்த ஒரு இணைப்பு இரண்டாகிறது. தவறு நடக்கக்கூடிய இடமும் இரட்டிப்பாகிறது.

பலரும் செய்யும் முதல் தவறு, வெளியே தெரியும் நட்டுகளை மட்டும் சோதிப்பது. 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள மெல்லிய ஸ்பேசர்கள் வெறும் தட்டுகள். காரின் சொந்த ஸ்டட்டில் செருகி, மேலே ரிம்மை வைத்து, ஒரே நட்டால் பூட்டுகிறோம். அதைவிடத் தடிமனானவை, பெரும்பாலும் 15 மில்லிமீட்டருக்கு மேல், வேறு ரகம். ஸ்பேசரை ஹப்பில் பிடிக்க உள்ளே ஒரு செட் நட்டு, ரிம்மைப் பிடிக்க ஸ்பேசரின் சொந்த ஸ்டட்டில் இன்னொரு செட். உள்செட் இளகினால் வெளியே எதுவும் தெரியாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தைக் கழற்றித்தான் அதைச் சோதிக்க முடியும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டு முறை போய்வந்தாலே 54 ஆகிவிடுகிறது. ஆக, பூட்டிய இரண்டொரு நாளிலேயே அந்த வேலை வந்துவிடும். நட்டு சுழன்றால் தெரியும்படி வெளி நட்டின் மேல் பெயின்ட்டில் கோடு போட்டு வைப்பது நல்ல பழக்கம்தான். உள்ளே இருப்பதைப் பற்றி அந்தக் கோடு எதுவும் சொல்லாது.

உள்செட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஸ்பேசரோடு வரும் குட்டை நட்டு தொலைந்துபோக, காரின் பழைய நட்டையே போட்டுவிடுவார்கள். அது ஸ்பேசரின் முகத்தைவிட ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றாலும் போதும், ரிம் ஸ்பேசரில் படியாமல் அந்த நட்டுகளின் தலையில் உட்காரும். காரின் ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி நீண்டாலும் இதே கதைதான். ரிம்மின் பின்புறத்தில் அதற்கான குழிகள் இருந்தால் தப்பலாம். எல்லா ரிம்மிலும் இருப்பதில்லை. இரும்பு ஸ்கேல் ஒன்றை ஸ்பேசரின் முகத்தில் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஏதாவது தட்டினால் குழியுள்ள ரிம் வேண்டும், அல்லது தடிமன் கூடிய ஸ்பேசர் வேண்டும். இரண்டு ஸ்பேசர்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித் தடிமனைக் கூட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

மெல்லிய ஸ்பேசரில் பிரச்சினை வேறு. 5 மில்லிமீட்டர் தட்டைச் செருகினால் நட்டுக்குக் கிடைக்கும் மரையில் 5 மில்லிமீட்டர் போய்விடுகிறது. எம்12 ஸ்டட்டில், அதாவது 12 மில்லிமீட்டர் விட்டமுள்ளதில், குறைந்தது 12 மில்லிமீட்டர் மரையாவது பிடிக்க வேண்டும். சுற்றுக்கணக்கில், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 1.5 மில்லிமீட்டர் என்றால் 8 முழுச் சுற்று, 1.25 என்றால் 10. நட்டைக் கையால் சுற்றி, மரை பிடித்ததிலிருந்து ரிம்மில் உட்காரும்வரை எண்ணுங்கள். குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றியாக வேண்டும். நீள ஸ்டட் போட்டபின் தலை மூடிய அழகு நட்டைப் பூட்டினால் அடுத்த பொறி. ஸ்டட்டின் நுனி நட்டின் உள்தலையில் முட்டிக்கொள்ளும். முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச் 'டிக்' என்று அடிக்கும், எல்லாம் சரி என்று தோன்றும், ரிம்மோ பிடிபட்டே இருக்காது. ரிம்மை வைத்தபின் நீண்டு நிற்கும் ஸ்டட்டின் நீளம் நட்டின் உள்ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தலை திறந்த நட்டே மேல்.

நட்டு உட்காரும் வடிவத்தையும் கவனியுங்கள். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்முக்கு உருண்டை அடி. வெளியே வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. மாற்றிப் போட்டால் மெல்லிய வளையம் அளவுக்குத்தான் தொடும், சீக்கிரம் இளகும். உள்நட்டு ஸ்பேசரின் வடிவத்துக்கும், வெளிநட்டு ரிம்மின் வடிவத்துக்கும் பொருந்த வேண்டும். ஒரே சக்கரத்தில் இரண்டு வகை நட்டு இருப்பதில் தப்பில்லை. 1.25 பிட்ச் நட்டை 1.5 ஸ்டட்டில் ஏற்றினால் ஓரிரு சுற்றில் இறுகும்; அதைக் கன்னால் (டயர் கடைகளில் நட்டை முறுக்கும் துப்பாக்கி வடிவ இயந்திரம்) அடித்து ஏற்றுவது மரையை அழிப்பதுதான்.

ரிம்மின் நடுத்துளை அளவு: பெரோடுவா மைவி காருக்கு 54.1, ஹோண்டா சிட்டிக்கு 56.1, சிவிக்குக்கு 64.1 மில்லிமீட்டர். வெளி ரிம்கள் பல 73.1 துளையோடு வருகின்றன. ஸ்பேசரின் உள்வட்டம் ஹப்பிலும், அதன் உதடு ரிம்மிலும் பொருந்த வேண்டும், இல்லையேல் இடையில் வளையம் போட வேண்டும். நெடுஞ்சாலையில் 90, 100 தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கி, இரண்டு முறை பேலன்சிங் செய்தும் தீரவில்லை என்றால் இங்கே பாருங்கள்.

பூட்டும் முறைக்கு வருவோம். பினாங்கின் கடற்கரைப் பகுதியான பத்து பெரிங்கி பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் இரும்பு ஹப்பும் அலுமினிய ஸ்பேசரும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். ஹப்பின் முகம், ஸ்பேசரின் இரு பக்கம், ரிம்மின் பின்புறம் எல்லாவற்றையும் கம்பி பிரஷால் தேய்த்து வெறும் உலோகம் தெரியச் செய்யுங்கள். பின்சக்கர டிரம்மில் ஸ்டட்டைச் சுற்றி மெல்லிய கிளிப் மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ பூசாதீர்கள்; கையேட்டிலுள்ள அளவு உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் போட்டு அதே அளவுக்கு முறுக்கினால் ஸ்டட் அளவு மீறி இழுபடும்.

எல்லா நட்டையும் கையால் ஏற்றி, எதிரெதிராக, முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு முழு அளவு. எம்12 ஸ்டட் உள்ள பயணிகள் கார்கள் பெரும்பாலும் 100 முதல் 110க்குள் வரும். ஹோண்டா சிட்டி, சிவிக்குக்கு 108. உள்நட்டுக்கு ஸ்பேசர் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. மரைப் பசையும் அவர் சொன்னால் மட்டுமே. மலைப்பாதை இறங்கி வந்த சூட்டோடு முறுக்காதீர்கள், ஹப் ஆறட்டும். டயர் கடைக்குப் போனால், "பாஸ், டாலாம் அடா ஸ்பேசர்" (உள்ளே ஸ்பேசர் இருக்கிறது) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்தான் முதலில் பேசும்.

டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீண்டால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனையில் மாட்டுவீர்கள் என்பது தனி விஷயம்.

மெதுவாகத் திருப்பும்போது 'டொக் டொக்' சத்தம், நட்டைச் சுற்றிச் செம்பழுப்புக் கோடுகள், ரிம் துளையின் ஓரத்தில் பளபளப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுவண்டியைக் கூப்பிடுங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்த ரிம்மோ ஸ்பேசரோ குப்பைக்குத்தான். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதன் சுமையை இத்தனை நாள் சுமந்த பக்கத்து இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்டட்டின் தலையில் 10.9 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.